இன்னொரு அம்பதடி

எங்கள் கம்பெனிக்கு போர் வண்டி நான்கு.
ஜபல்பூர்ப் பக்கம் இரண்டு, ராஜஸ்தானில் ஒன்று,
ஊரோடு கிடப்பது ஒன்று.
நான் எதிலும் ஏறியதில்லை.
திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டு மாடியறையில்
அடிக்கணக்கு எழுதுகிறவள்.

முந்நூறு அடிவரை ஒரு ரேட்டு.
அப்புறம் ஒவ்வொரு நூறுக்கும் ஏறும்.
ஆழம் போகப்போக அடி விலை கூடுமென்று
தோட்டக்காரர்களுக்கு ஃபோனில் நான்தான் சொல்வேன்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

லோகநாதன் பேச்சை நிறுத்தியது தை மாதம்.
நிறுத்தினான் என்றும் சொல்ல முடியாது.
பதினோரு நாள் ஒன்றுமில்லை.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி,
'சாப்ட்டயா?'
அந்த ஒற்றைச் சொல்லை வைத்து
மூன்று வாரம் ஓட்டினேன்.

வெப்படைப் பக்கம் நல்லசிவம் தோட்டத்திலும் இப்படித்தான்.
நானூற்றி இருபதில் மண் ஈரமாய் வந்ததாம்.
கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம்.
அது வராமலே இருந்திருந்தால்
ஐந்நூறில் வண்டியைத் திருப்பியிருப்பார் மனுசன்.
அறுநூறு.
எழுநூறு.
புகைதான். வேப்பமரமெல்லாம் வெள்ளையாகிற புகை.
"இன்னொரு அம்பதடி போட்டுப் பாத்துர்லாங்களா?"

இதே வாக்கியத்தை
மாடு விற்றவர் குரலில் கேட்டிருக்கிறேன்,
மகள் தோட்டை அடகு வைத்தவர் குரலில்,
பல் தேய்க்கும்போது
வாய் நிறைய நுரையோடு என் குரலில்.

பெருந்துறை ரோட்டுக் கடையில்
அவன் தன் கைக்குட்டையை என் தலையில் போட்டு
மழைக்குள் ஓட்டி வந்தானே, அந்த நாள்,
அதைத்தான் அதிகம் எடுத்துப் பார்த்தேன்.
ஒருநாள் பழைய மெசேஜில் தேதி தேடினேன்.
மாசி இருபத்தியொன்று.
பொட்டு மழை கிடையாது அந்த வருசம் மாசியில்.
வெயிலுக்குப் போட்ட கைக்குட்டை.
மழையை நானாகப் பெய்துகொண்டிருக்கிறேன்.

இந்த ஊர் மலைமேல் சாமி
பாதி ஆண், பாதி பெண்.
நடுவில் தையல் தழும்புகூட இல்லை.
கல்லுக்கு ஆகும்.
என் இடது கை தூக்கத்தில் எழுந்துபோய்
தலைகாணிக்கு அடியில் ஃபோனைத் துழாவி
வெறும் கையாய்த் திரும்பும்.
நாலு மணிக்கு முழிப்பு வரும்.
நாலு மணிக்கு எல்லாமே என் தப்பு.
விடிந்தால் பாதி அவன் தப்பு.

தொள்ளாயிரத்தில் நல்லசிவம் கூப்பிட்டார்.
ராத்திரி பதினொன்று. பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.
"என்னுங்க பண்றது?"
'உங்க இஷ்டமுங்க' என்பதுதான்
ஆபீஸில் சொல்லிக்கொடுத்த பதில்.
"நிறுத்திருங்க" என்றேன்.
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

அவர் கேட்கவில்லை.
இன்னொரு அம்பது போட்டார்.
நானும் அன்றைக்கு ராத்திரி
லோகுவுக்கு நீளமாய் ஒன்று அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
காலையிலும் ஒற்றை டிக்.

தொள்ளாயிரத்தி ஐம்பது அடிக்கு பில் எழுதினேன்.
மேலே இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொள்ளலாம்,
அதை மட்டும் கழித்தேன்.
'குழியை மூடி போட்டு அடைக்கவும்'
ரசீது மூலையில் அடிக்கிற ரப்பர் ஸ்டாம்பை
கொஞ்சம் அழுத்தி அடித்துவிட்டேன் போல,
அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம்
டீசல் கணக்கு இடித்தது.
இடிக்கிற நூற்றிப் பத்து ரூபாயைத் தேடித் தேடி
நிமிர்ந்தால் மணி நாலு.
சாப்பிட்டதிலிருந்து ஃபோனைத் தொடவில்லை.
அது உறைத்த உடனே எடுத்துப் பார்த்தேன்,
பார்க்காமல் இருப்பேனா?
கேஸ் சிலிண்டர் மெசேஜ்.

ஆடியில் பாக்கி கட்ட வந்தார் நல்லசிவம்.
எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்.
தண்ணி குடித்தார்.
"சோளம் வெதச்சு உட்டாச்சுங்க.
பேஞ்சா வரும், பேயாட்டிப் போகுது.
இனி அது தோட்டமில்லீங்க, காடு."

அவர் படியிறங்கின பிறகு
பேரேட்டை எடுத்தேன்.
'நல்லசிவம் தோட்டம், வெப்படை'
தோட்டத்தை ஒரு கோடு போட்டு அடித்து
மேலே 'காடு' என்று எழுதினேன்.
மை காய்கிறவரை
பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.