முப்பத்தேழு டிகிரி

ஃபின்மார்க்கில் ஜூலை மாதத்து இரவு
கடிகாரத்தில் மட்டும்தான்.
பத்து மணி. வெயில் ஆற்றின் மேல் படுத்துக் கிடக்கிறது,
கிளம்ப மனமில்லாத விருந்தாளியாய்.
சரளை மேட்டில் மண்டியிட்டு
லென்ஸின் மேல் அந்தக் கண்ணாடி வளையத்தைத் திருகுகிறேன்.
கையுறையைக் கழற்றித்தான் செய்ய வேண்டும் இதை.
கொசுக்களுக்கு அது தெரியும்.

போலரைசர். ஒரு நாணயத்தின் அளவு.
திருப்பத் திருப்ப
ஆற்றின் மேல் பூசியிருக்கும் வானம்
கரைகிறது, கூடுகிறது, மறுபடி கரைகிறது.
எங்கே முழுசாய்க் கரைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.
மேலே போனபின் திருப்பக் கை கிடையாது.
தரையில் எடுத்த முடிவோடுதான்
பறக்கும் அது.

ஆய்லு நோட்டில் கட்டம் போட்டுக் காத்திருக்கிறான்.
"போன வாரம் இதை மறந்துவிட்டு வந்தோமே,
அன்றைக்கு எண்ணியது முழுக்க மேகம்."
நான் சிரிக்கவில்லை.
அன்றைய கணக்கில் மீன் எட்டு.

முப்பது மீட்டர் உயரம்.
ட்ரோனின் இரைச்சலுக்கு எதிர்க்கரையில்
ஓர் ஆலா ஏசிக்கொண்டே எழுந்தது.
கேமராவின் தலையை மெல்லத் தாழ்த்துகிறேன்.
இருபது டிகிரி: தகரம்.
முப்பது: தகரத்தில் துருவின் ஓட்டைகள்.
முப்பத்தேழு:
யாரோ மேசை விரிப்பை உருவியதுபோல்
தண்ணீர் இல்லை.
பச்சைக் கற்கள், பழுப்புக் கற்கள், செங்கல் நிறத்தில் சில.
கற்களின் மேல் நிழல்கள்,
சற்று மேலே அந்த நிழல்களுக்குச் சொந்தக்காரர்கள்,
ஓட்டத்துக்கு எதிரே மூக்கு வைத்து
நின்ற இடத்திலேயே நீந்துகிற சால்மன்கள்.

"நாலு," என்கிறேன். "ஏழு. ஒன்று நல்ல பெரிசு. பன்னிரண்டு."
ஆய்லு கோடு போடுகிறான்.

பிறகு ஒரு கோடு, நான் சொல்லாதது.
வளைவுக்குக் கீழே, மடுவின் குறுக்கே.
ஆறு தானாக நேர்க்கோடு போடுவதில்லை.

அடிக்கல்லைக் கட்டியிருந்த கயிறு ஆரஞ்சு நிறம்.
பனிவண்டியை மூடிக் கட்டியது போக
மார்ச்சில் மிச்சமிருந்தது என்னிடம்;
என் அக்காள் கணவன் நீல்லாஸ் கேட்டான், வெட்டிக் கொடுத்தேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
பனிக்காலத்தில் கயிறு கேட்பவனை
யார் விசாரிப்பார்கள்?
இந்த வருடம் வலைக்குத் தடை, ஒருவருக்கும் விலக்கில்லை.
அந்த மடு அவர்களுடையது என்று எல்லாருக்கும் தெரியும்,
தாள்களுக்கு மட்டும் தெரியாது.

வலைக்குள் ஒன்று
வெள்ளி வயிறு காட்டிப் புரண்டது.

"எத்தனை?"
ஆய்லு தலை நிமிரவில்லை.

என் விரல் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல்.
இருபது டிகிரி நிமிர்த்தினால் போதும்.
நிமிர்த்தினேன்.
வானம் ஓடிவந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது,
ஒரு மேகம், தலைகீழாய் பிர்ச் மரங்களின் வரிசை,
அஞ்சலட்டையில் அச்சடிக்கலாம் போல் ஓர் ஆறு.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. சரி.
தெரிந்த பிறகு
எந்தக் காலை விடுவது?

பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.
இந்தக் கண்ணாடி ஒளியில் பாதிக்கு மேல் தின்றுவிடும்,
வெளிச்சம் போதவில்லை, படம் அசைந்துவிட்டது
என்றெல்லாம் எழுதலாம் அறிக்கையில்.
மெமரி கார்டு வாய் திறக்காது.
விழுங்கியதை வைத்திருக்கும், அவ்வளவே.

ஆய்லு எழுந்தான். திரையைப் பார்க்கவில்லை;
ஆற்றைப் பார்த்தான், வெறும் கண்ணால்,
கூசிக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொடுத்து.
"அந்த மடுவிலா?"
போன கிறிஸ்துமஸுக்கு நீல்லாஸ் வீட்டு மீனைத்
தின்றவன்தான் அவனும்.
இரண்டாம் முறை தட்டை நீட்டியது நான்.

ஆலா எங்கள் தலைக்கு மேல் வந்து ஏசியது.
சக்கரத்தைத் தாழ்த்தினேன்,
முப்பத்தேழு வரும்வரை.
"வலைக்கு வெளியே பதினாறு," என்றேன்.

அதை எழுதினான்.
அடுத்த எண்ணுக்கு நோட்டில் கட்டம் இல்லை.
பென்சில் முனை தாளைத் தொட்டபடி
நின்றுகொண்டிருந்தது.