இறுதிப் பயனர் சான்றிதழ்

துவாஸ் துறைமுகம். இரவுப் பணி.
நாற்பதடிப் பெட்டிக்குள்
முழங்கை நீள அலுமினியக் குழாய்கள்.
"பால் பண்ணை உதிரிபாகம்" என்கிறது காகிதம்.

சுழற்றினால் பாலில் ஆடை பிரியும்.
இன்னும் வேகமாய்ச் சுழற்றினால்
வேறொன்று பிரியும்.
கடலைக் கடைந்தபோது
அமுதுக்கு முன்னால் வந்தது எது
என்று குவெக்குக்கு நான் சொல்லவில்லை.
அவர் மைக்ரோமீட்டரை மூன்றாம் முறை துடைக்கிறார்:
"பாலுக்கு எதற்கு இத்தனை நுட்பம்?"

விடிவதற்குள் இரண்டு தூதரகங்கள் அழைத்துவிட்டன.
ஒன்று "கவலை" என்றது.
மற்றது "ஆழ்ந்த கவலை".
ஆழம் எத்தனை அடி என்று நிரப்ப
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

ஒன்பது மணிக்கு
வாங்கும் நாட்டின் இரண்டாம் செயலர் நேரில் வந்தார்.
காலர் நைந்திருந்தது.
"தலைநகரிலேயே எட்டு மணி நேரம் மின்சாரமில்லை.
என் மகள் பிறந்தது டார்ச் வெளிச்சத்தில்."

பொய்யாக இருக்கலாம்.
பட்டப்பகலில் எரியும் எங்கள் குழல்விளக்கை
அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை,
நான்தான் பார்த்தேன்.

பிறகு முத்திரை குத்தினேன்: தடுத்துவைப்பு.
மை காயக் காத்திருந்தோம்.

யாரோ அவருக்குத் தே வாங்கி வந்தார்கள்.
அடியில் கெட்டிப்பால்
வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது.
அவர் கரண்டியைத் தொடவில்லை.