அளவுப் புத்தகம், பக்கம் 41

ராயக்கோட்டை – பாலக்கோடு சாலை,
ஏழாம் கிலோமீட்டர், இடப்பக்கம்.
நீளம் அறுபது சென்டிமீட்டர்,
அகலம் நாற்பது, ஆழம் ஒன்பது.
ஆடியில் குனிந்து அளந்தேன்.
கேட்டது இரண்டு சட்டி தார்,
நாலு கூடை ஜல்லி, ஒருத்தர் அரைநாள் கூலி.
நிதி இல்லையென்று
திரும்பி வந்தது தாள்.

ஐப்பசி மழை
மீதியைத் தோண்டியது.
திம்மராயன் டெம்போ
விடியுமுன் அதில் இறங்கி ஏறும்.
அடித்தட்டுத் தக்காளி
மண்டி சேருமுன்னே சட்னி.
"நடைக்கு மூணு பெட்டி போகுது சார்.
ஸ்பிரிங் பட்டை ரெண்டு தடவை மாத்திட்டேன்.
இதையெல்லாம்
எந்தக் காலத்துல எழுதுவீங்க?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
நீளம், அகலம், ஆழம், கன அளவு.
நாலே காலம்தான் அச்சடித்திருக்கிறது.
டெம்போ போன பிறகுதான் உறைத்தது,
அவன் கேட்டது
அந்தக் காலத்தை அல்ல.

குழிக்குப் பத்தடி தள்ளி
பியாரேஜான் பஞ்சர் கடை போட்டான்.
ஜாக்கி கீழே வைக்க நேரமில்லை.

தையில் ஆணை:
மூன்று கிலோமீட்டருக்கும் புதுத்தளம்,
எண்பத்து நாலு லட்சம்.
பந்தல், வாழைமரம், மைக் செட்.
அடைத்த குழிக்கு
யார் ரிப்பன் வெட்டினார்கள் இதுவரை?

நேற்று போனேன்.
கறுப்பு மினுமினுப்பின் ஓரத்தில்
மயிரிழைக்கு ஒரு விரிசல்.
ஒரு கரண்டி தார் போதும்.
பக்கம் 58-ல் எழுதிக்கொண்டிருந்தேன்.
கடையைப் பாதி பிரித்திருந்த பியாரேஜான்
டீ கொண்டுவந்து நீட்டி,
விரிசலையே பார்த்தபடி கேட்டான்:
"இது எப்ப சார் ஆழமாகும்?"