பதினெட்டு மில்லிமீட்டர்

கடைசிப் படகு போனதும்
சீட்டு ஜன்னலின் பலகையை இறக்கிவிட்டு
சுரங்களை நகர்த்த உட்காருவேன்.
சுட்டியால். ஒவ்வொன்றாக.

சாவ் ஜோர்ஜ் தீவில் எங்கள் வாத்தியக் குழுவில்
முப்பத்தொரு பேர்.
பிரிண்டர் ஒன்று, அதுவும் நகராட்சியுடையது.
மஞ்சள் மை தீர்ந்தால்
கருப்பும் அடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

மெட்டுப் போட்டவர் பெயர் வலது மேல் மூலையில்.
நடத்தும் ஒசோரியோ கையில் கோல்.
எனக்கு வருவதெல்லாம்
"தெயோலிந்தா, பக்கம் புரட்ட எனக்கு நேரமே இல்லையே!"

இரண்டாம் கிளாரினெட் எவரிஸ்து சொன்னது.
பாலாடைக்கட்டி ஆலையில்
உப்புநீரில் ஊறி ஊறி வழுக்கும் விரல்கள்;
ஒரு தாள் புரள
ஒரு முழுக் கட்டம் ஓய்வு வேண்டும் அவருக்கு.

அந்த அணிவகுப்பு மெட்டில்
எல்லோரும் ஒருசேர மூச்சு வாங்கும் கட்டம்
ஒன்றே ஒன்று உண்டு.
அதைப் பக்கத்தின் கீழ் மூலைக்குக் கொண்டுவந்தேன்.
வரிகளை நெருக்கினேன்.
தண்டுகளைக் குட்டையாக்கினேன்.
ஒட்டுச்சுரம் ஒன்று பக்கத்து வீட்டின் மேல் ஏறியது,
இறக்கிவிட்டேன்.
இன்னும் ஒரு வரி மிச்சம்.
கீழ் ஓரத்து வெற்றிடத்தைச் சுரண்டி
அதையும் உள்ளே தள்ளினேன்,
நிரம்பிய படகில் கடைசி ஆளைப்போல.

எவரிஸ்து புரட்டினார். சரியாக வந்தது.
நன்றியெல்லாம் இல்லை,
ஒரு துண்டு பாலாடைக்கட்டி.

பிறகு ஃபால் ரிவரிலிருந்து கேட்டார்கள்.
கடலுக்கு அப்பால் போய்க் குடியேறிய நம்மவர்களின் குழு;
திருவிழாவுக்கு அதே மெட்டு வேண்டுமாம்.
முப்பத்தொரு கோப்புகள்.
ஒரே மடலில் போகாது என்றது,
மூன்றாகப் பிரித்து அனுப்பினேன்.

அங்கே தாள் வேறு.
நம்முடையதைவிட அகலம் ஒரு விரல் நகம் கூட,
உயரம் பதினெட்டு மில்லிமீட்டர் குறைவு.
எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன்.
பிரிண்டர் யாரையும் கேட்காது.
வெட்டிப் போட்டது.

மூன்று வாரம் கழித்து ஒலிப்பதிவு வந்தது.
அலுவலகத்தில் தனியாகக் கேட்டேன்.
ட்ரம்பெட்டுகள், சரி.
டியூபா கொஞ்சம் தூக்கம், அதுவும் சரி.
முதல் பக்கத்தின் அடிவரி வரவேண்டிய இடத்தில்
இரண்டாம் கிளாரினெட்
நான் எங்கும் எழுதாத வழியில் இறங்கியது.
மெட்டின் அடியில் பதுங்கி
படிப்படியாக ஏறி
ஏழு கட்டம்.
பிறகு எல்லோரும் நிறுத்திய அந்தக் கட்டத்தில்
அது மட்டும் நிறுத்தவில்லை.
நீளமாய் ஒரு சுரம்.

மறுபடி கேட்டேன்.
மறுபடி.

வாசித்தவள் பெயர் நத்தெர்சியா,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை என்றார்கள்.
"தாள் அங்கேயே முடிந்துபோனது,
அடுத்ததற்குப் போகும்வரை ஏதாவது ஊதவேண்டாமா?"
என்று எழுதியிருந்தாள்.
ஓய்வு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

எவரிஸ்துக்குப் போட்டுக் காட்டினேன்.
தலை சாய்த்துக் கேட்டார்.
"அது திறந்த ஸோல்.
ஒரு துளையையும் மூடவேண்டாம், ஒரு விரலும் வேண்டாம்.
வலது கட்டைவிரல் தாங்கிக்கொள்ளும்.
இடது கை சும்மா."
காதை இன்னும் அருகே கொண்டுபோனார்.
அந்தச் சுரத்துக்கு அடியில்
காகிதம் புரளும் சத்தம்.

இன்றிரவு அதைக் கோப்பில் ஏற்றுகிறேன்.
ஏழு கட்டம், ஒரு முழுச் சுரம்.
கணினி வாசித்துக் காட்டுகிறது, பிசகில்லை,
காகிதம் மட்டும் இல்லை.
கீழ் ஓரத்தை இந்த முறை தாராளமாக விட்டேன்.

யார் எழுதியது இது என்று கேட்டார் ஒசோரியோ.
பிரிண்டர் என்றேன்.
சிரிக்கவில்லை. கோலால் காது சொறிந்தபடி
இருக்கட்டும் என்றார்.

வலது மேல் மூலையில்
மெட்டுப் போட்டவர் பெயருக்குக் கீழே
சிறிய எழுத்தில் அவள் பெயரையும் வைத்து
அச்சிடு என்று அழுத்தினேன்.

மஞ்சள் மை இல்லையாம்.