கப்டனின் நகங்கள்

வியாழக்கிழமைகளில் அவருக்கு நகம் வெட்டுவேன்.
வூப்பர்டால் முதியோர் இல்லம், மூன்றாம் மாடி,
யன்னலோரக் கட்டில்.
கதவில் வெறும் பெயர்: ஓட்மார் லூடெக்கெ.
கப்டன் என்பதை அவரே சொல்லுவார்,
விரலுக்கு ஒரு போர்முனையாக.

சுண்டுவிரல் பிரான்ஸ். ஆறு வாரம். வெய்யில், செர்ரிப் பழம்.
மோதிரவிரல் ஒரு பாலம், முதற் சிலுவை.
நடுவிரலில் நகமே இல்லை, பனி தின்றது;
அதற்கு இரண்டாவது.
சுட்டுவிரலுக்கு வந்தால்
கையை இழுத்துக்கொள்வார்.
"அது காடு. ஒன்றுமில்லை. துப்புரவு வேலை."

அந்தச் சொல்லை ஜேர்மன் வகுப்பில் படிப்பிக்கவில்லை.
ஆனாலும் விளங்கிற்று.
படுவான்கரையைத் துப்புரவாக்கிய அன்று
வானொலி அதையேதான் சொன்னது,
நல்ல தமிழில்.
மண்முனைத் துறையில் பாதைக்கு நின்ற பதினொரு பேரில்
தம்பி பேரின்பமும் நின்றான்,
கையில் ஒட்டுப்போட்ட சைக்கிள் ரியூப்.

மறுகா பேப்பரில் ஒரு படம்.
இளம் அதிகாரிக்குப் பதக்கம் குத்துகிறார்கள்.
துறையில் தொப்பியைக் கழற்றி
வியர்வை துடைத்தவன்.
பல்வரிசையில் பிடித்தேன்.

கப்டனிடம் ஒவ்வொரு சிலுவையும் இரண்டு.
கண்ணாடிப் பெட்டியில் இருந்தவை
குறியை எடுத்துவிட்டு, பிற்காலத்தில் வார்த்தவை,
சட்டத்துக்கு அமைவானவை.
அசல்கள் கம்பளிக் காலுறைக்குள்.
கழுவ எடுத்தேன், கனத்தது.
அவர் பார்த்தார்.
சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஏன் வைத்தேன்?
விசா. சம்பளம். ஆறரை பஸ்.
இன்னொரு காரணமும் இருக்கலாம்,
அதை நான் கிளறவில்லை.

மாசியில் செத்தார்.
பேத்திகள் கண்ணாடிப் பெட்டியோடு போனார்கள்.
காலுறை என்னிடம் மிஞ்சியது.
ஊருக்குக் கொண்டுவந்து வாவியில் எறிந்தேன் என்று
எழுத எனக்கும் ஆசைதான்.
எறியவில்லை.
செவ்வாய்க்கிழமைக் குப்பை லொறி கொண்டுபோயிற்று.

இப்போது மண்முனைக்குப் பாலம்.
பாதை இல்லை, காத்து நிற்கவேண்டியதில்லை;
முச்சக்கரவண்டி இரண்டு நிமிடத்தில் கடக்கிறது,
துறை இருந்த பக்கம்
கண் தானாகத் திரும்புவதற்குள்.

அந்தப் பல்வரிசைக்காரனுக்கும் வயது போயிருக்கும்.
பல் கட்டியிருப்பான்.
அவன் கையையும் எங்கோ ஒருத்தி
மடியில் வைத்து நகம் வெட்டுவாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம்,
என்றாலும் சொல்கிறேன்.

சுட்டுவிரல் வரும்போது இழுப்பான்,
தங்கச்சி,
விடாதே.
நான் விட்டுவிட்டேன்.