ஒரு பள்ளம் தள்ளி

ஜூலை மாதம், நோபல் பார்க்.
விடிய நாலரைக்குச் சாவியைத் திருப்பினால்
எங்கள் கொரோலா
கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனைபோல் கத்தும்.
ஈரம் கூடின நாளில் இன்னும் கூட.
அடுத்த வீட்டு லியென்
வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி
உன் காருக்கு வயிற்றுவலியா என்று கேட்டுவிட்டாள்.

கராஜ்காரன் முந்நூற்றுப் பத்து என்றான்.
பெல்ட் மட்டும் நாற்பத்தாறு.
கழித்துப் பார்க்க எனக்குப் பேப்பர் தேவையில்லை.
இந்த மாதம் இந்த வீட்டில்
காசுக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்.

தயாபரனும் நானும் பேசிப்
பதினொரு நாள்.
என்னைக் கேளாமல் தம்பிக்குக் கொடுத்த நாலாயிரம்
மேசையில் எங்கள் நடுவே இருந்து
எங்களோடேயே சாப்பிடுகிறது.
மகள் தூது போகிறாள்:
"அம்மா கேக்கிறா, பால் முடிஞ்சுதோ எண்டு."

ஞாயிறு. கார்போர்ட் தகரத்தில் மழை.
வலப்பக்கச் சில்லைக் கழற்றி
ஸ்டாண்டில் நிறுத்தி
உள்மூடியின் கிளிப்புகளைப் பிடுங்கினேன்.
இரண்டு உடைந்தன. உடையட்டும்.
கை வைக்குமுன் வரைந்துகொண்டேன்,
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
ஐந்து வட்டம், சுற்றி ஒரு கோடு:
எது எதைத் தொடுகிறது,
எதை முதுகால் தொடுகிறது.
மகள் எட்டிப் பார்த்து
"முறுக்குப் பிழிஞ்ச மாதிரி" என்றாள்.

டென்ஷனரின் தலைக்குப் பத்தொன்பது.
லியென் தந்த நீளக் கம்பியை மாட்டித் தொங்கினேன்.
அசைந்தது, மனமில்லாமல், ஒரு விரலளவு.
அதைப் பிடித்தபடி பெல்ட்டைக் கழற்ற
மூன்றாவது கை ஒன்று வேண்டும்.

மூன்றாவது கை
குசினி ஜன்னலில் நின்று
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

நான் கூப்பிடவில்லை.
கம்பியை ஒருக்கா நழுவ விட்டேன்.
டங்.
இன்னொருக்கா.
மூன்றாம் டங்குக்கு
வீட்டுச் செருப்போடு மழைக்குள் வந்தான்.

"பிடி" என்றேன்.
பதினொரு நாளில் முதற்சொல்.
பிடித்தான்.
"இன்னும்."
"இவ்வளவுதான் வரும்."
"வரும்."
வந்தது.

பழையது என் மடியில் விழுந்தது.
வளைத்தால் நெடுக வெடிப்பு,
ஓரத்தில் நூல் எட்டிப் பார்த்தது.
இதை நம்பித்தான்
மொனாஷ் ஃப்ரீவேயில் நூறில் போயிருக்கிறோம்,
பின்சீட்டில் பிள்ளை நித்திரை.

புதியதை மாட்டினேன்.
பள்ளம் பள்ளத்துக்கு, முதுகு மொட்டைச் சில்லுக்கு.
"விடு. மெதுவா. மெதுவா எண்டுறன்."
விட்டான்.
டோர்ச்சைச் சாய்த்துக் குனிந்தான்,
இன்னும் குனிந்தான்,
பிறகு ஒரு முழு வசனம் சொன்னான்:
"ஆல்டர்னேட்டரில ஒரு பள்ளம் தள்ளி இருக்கு."
"தெரியும்" என்றேன்.
தெரியாது.

ஒரு பள்ளம். மூன்றரை மில்லிமீட்டர்.
அப்படியே ஓட்டியிருந்தால்
ஓரம் தின்னத் தின்ன
ஒரு மாதத்தில் நார்நாராய்ப் போயிருக்கும்.
அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
நானும் அன்றைக்கு
அவன் தம்பியைச் சொன்ன அந்தச் சொல்லைச்
சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மறுபடி பிடித்தான். மறுபடி மாட்டினேன்.
ஒவ்வொரு சில்லிலும்
நகத்தால் ஆறு வரை எண்ணினேன்,
அவனும் வாய்க்குள் எண்ணுகிறான் என்று தெரிந்தும்.

சாவி.
கத்தல் இல்லை.
தகரத்தில் மழை, கீழே மெல்லிய உறுமல்.
வேலிக்கு மேலே லியெனின் கட்டைவிரல்.
இவ்வளவு நாளும் அந்தச் சத்தம்
எதையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது!

பைப்படியில் எனக்கு முன் அவன் சவர்க்காரத்தை எடுத்தான்.
பிறகு நீட்டினான்.
"தம்பி அடுத்த மாசம் ஆயிரம் அனுப்புறானாம்."
"மிச்சம்?"
அவன் நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
இலேசில் போகாது, அந்தக் கறுப்பு.