ஏழாவது கட்டம்

மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில்
தேரூர்ப் பக்கம் ஒரு குளத்துக்கு
பதினோரு பக்கம் தந்திருக்கிறார்கள் எனக்கு.
நாள்கூலி நானூற்றைம்பது.
பேனா என்னுடையது.

முதல் கட்டம் உள்ளூர்ப் பெயர்.
இரண்டாவது அறிவியல் பெயர்,
அதை ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள்.
இருப்பிடம், பருவம், எண்ணிக்கை, பயன்.
ஏழாவது, தகவல் தந்தவர் கையொப்பம்.

விடிய நேரமிருக்கிறது.
மார்பளவுத் தண்ணீரில்
லாரி ட்யூபைத் தள்ளிக்கொண்டு போகிறார் சுயம்பு.
தோவாளைக்கு ஐந்தரை மணிக்கு வண்டி.
அதற்குள் ஒடித்தாக வேண்டும்.
திறந்தால் பூ,
மூடியிருந்தால் காசு.

"என்ன எழுதணும் பிள்ளே?"
"இந்தக் குளத்துல என்னெல்லாம் உண்டோ, அதெல்லாம்."
"கடன் உண்டு."

நீலக்கோழி என்றதும்
தண்ணீரில் துப்பினார்.
"அந்தச் சவத்தையா?
செவந்த மூக்கும் நடையும் பாரு,
கலியாண வீட்டுக்குப் பிணங்கி வந்த மாமன் கணக்கா.
மொட்டைத் தின்னா ஒண்ணு போச்சுன்னு விடலாம்.
தண்டைப் பிய்க்கும், கெழங்கைத் தோண்டும்.
குத்தகை எனக்கா, அதுக்கா?"

சொல்லித்தந்ததைச் சொன்னேன்.
காஸ்பியன் கடலோரம் ஓர் ஊர்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.
நாடுகள் கூடி ஒரு தாளில் கையெழுத்து.
பிற்பாடு நம்முடையதும்.
ஐம்பத்தோரு வருஷம் கழித்து
அந்தப் பட்டியலில் உங்கள் குளம்.

"கடக்கரையில வச்சா
கொளத்துக்குக் கையெழுத்து?"
சிரிக்கவில்லை அவர்.
"அந்த வருசந்தான் எங்கப்பன்
குத்தகைச் சீட்டுல கைநாட்டு வச்சான்.
அதை ஒருத்தனும் வந்து பாக்கல்ல."

மடித்த ரசீது ஒன்றைக் காட்டினார்.
பிளாஸ்டிக் உறைக்குள், இடுப்பில்.
ஓலைவெடி பதினெட்டு, பறிமுதல்.
கீழே வனக்காவலர் வில்பிரட்டின் கையொப்பம்,
அழகான கையெழுத்து.

எத்தனை கூடு இருக்கும் என்றேன்,
படிவத்துக்காக, சும்மா.
கண்ணை மூடினார்.
"வடக்கு மடைப்பக்கம் ஒம்பது.
சம்பங்கோரைக்குள்ள பதிமூணு.
கெழக்க, ஆகாயத்தாமரை மேல நாலு.
அதுல ஒண்ணுல முட்டை ஆறு.
நேத்து அஞ்சுதான்."

தொலைநோக்கியோடு மூன்று நாள் கரையில் நின்றவர்கள்
பதினேழு என்று எழுதிப்போன தாள்
என் பையில் இருக்கிறது.

"எப்பிடி இவ்வளவு கணக்கு?"

"அழிக்கணும்னா எண்ணணும்லா."

பேனா நின்றது.
"அழிச்சியளா?"

மொட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.
வாழைநாரால் ஒரு கட்டு.
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

தெற்கே கேட்டேன்.
நாலுவழிச் சாலைக்கு மண் கொட்டிய பக்கம்.
விளக்கோடு ஒரு டிப்பர்
அப்போதும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"அங்க எனக்குப் பூவும் இல்ல,
அதுக்குக் கூடும் இல்ல.
அந்த எடத்துல மட்டும்
எங்களுக்குள்ள சண்டை கெடையாது."

என் வரைபடத்தில் அந்தச் சர்வே எண் இல்லை.
பதினோரு பக்கத்திலும் தேடினேன்.
ஆபீசில் விட்டுவிடச் சொன்னார்கள் என்பது
பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஏழாவது கட்டத்தில் கையெழுத்திட்டார்.
தண்டின் முள் கீறிய விரல்.
எண்ணிக்கையின் மேல் ஒரு சொட்டு விழுந்து
இருபத்தாறு கொஞ்சம் ஊறிப் பெருத்தது.

வெளிச்சம் வந்த பிறகு பார்த்தேன்.
குளத்தின் நடுவே
ஒடிக்காமல் விட்ட ஒரு வட்டம்.
அத்தனை மொட்டும் விரிந்து
காசாகாமல் நின்றது.
உள்ளே இலை அசைந்தது,
ஒரு சிவப்பு மூக்கு.

"அது என்ன?"

"அங்க பாம்பு கெடக்கு, நான் போவமாட்டேன்"
என்றார் கரையேறியபடி,
திரும்பிப் பாராமல்.

இருபத்தாறைத் திருத்தவில்லை நான்.
அடுத்த வரியில், முதல் கட்டத்தில்
பாம்பு என்று எழுதினேன்.
அறிவியல் பெயரை
ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள்.